தளத்தை மொழிபெயர்க்கக் கிளம்பும் திட்டங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு மென்பொருள் திட்டத்துக்குக் கொஞ்சம் பெயர் வந்ததும், அதன் இணையதளத்தைப் பல மொழிகளில் கொண்டுவரும் ஆசையும் வந்துவிடும். நல்ல ஆசைதான். தன்னார்வலர்களும் கிடைப்பார்கள். ஆனால் அந்த வேலையை ஒருங்கிணைக்கப் புதிதாக வருபவர்கள், நாங்கள் தொடங்கிய காலத்தில் எங்கெங்கே இடறினோமோ அங்கேயே இடறுகிறார்கள். எழுத்துப்பிழை, இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

## எந்த மூலத்திலிருந்து மொழிபெயர்த்தது என்று குறிக்காமல் விடுவது

வழக்கமாக நடப்பது இதுதான். ஆர்வமுள்ள ஒருவர் வருகிறார். ஆங்கிலப் பக்கங்களை நகலெடுத்து, தன் மொழிக்கென்று ஓர் அடைவு போட்டு, முழுத் தளத்தையும் மொழிபெயர்த்துத் தருகிறார். எல்லோரும் பாராட்டி மெர்ஜ் செய்கிறார்கள், அதாவது தளத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் ஆங்கிலப் பக்கங்கள் மாறத் தொடங்கும். மொழிபெயர்ப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். உடைந்த இணைப்பு என்றால் யார் கண்ணிலாவது படும். காலாவதியான மொழிபெயர்ப்போ பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

நான் உதவிய ஒரு திட்டத்தில் நிறுவல் பக்கம் இப்படித்தான் கிடந்தது. தொகுப்புகளைத் தரும் களஞ்சியத்தின் முகவரி மாறியிருந்தது, தொகுப்பு அசலா என்று சரிபார்க்கும் கையொப்பச் சாவியும் மாறியிருந்தது. ஆங்கிலத்தில் அன்றைக்கே திருத்திவிட்டார்கள். ஒரு மொழியின் பக்கத்தில் மட்டும் பழைய கட்டளைகள் அப்படியே இருந்தன. அதைப் படித்தவர்கள் பழைய பதிப்பை நிறுவிக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவும் வராமல் இருந்தார்கள். உதவி கேட்டு வந்தவர்களிடம் டெவலப்பர்கள், “ஆவணத்தில் உள்ளபடி செய்யுங்கள்” என்றார்கள். அவர்களும் ஆவணத்தில் உள்ளபடிதான் செய்திருந்தார்கள்! இரண்டு தரப்பும் வெவ்வேறு பக்கத்தைப் பார்க்கின்றன என்பது புரியவே நாளானது. கடைசியில் பழி மொழிபெயர்த்தவர் மேல் விழுந்தது. அவர் எழுதிய அன்று அதில் ஒரு பிழையும் இல்லை. மனம் நொந்து விலகிப் போய்விட்டார். மூலம் மாறினால் அவருக்குத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு செய்திருக்க வேண்டியது திட்டத்தின் வேலை. அதைச் செய்யாமல் ஒரு தன்னார்வலரைக் குறை சொன்னது இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இத்தனைக்கும் இதற்கான தீர்வு பழையது. லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் தளத்தில் ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பின் தலையிலும், ஆங்கில மூலத்தின் எந்தக் கமிட்டை (பதிவான மாற்றத்தை) பார்த்து எழுதியது என்ற அடையாளம் இருக்கும். 2018இல் கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியை சிவிஎஸ்ஸிலிருந்து கிட்டுக்கு மாற்றும் முன்பு அதே இடத்தில் பதிப்பெண் இருந்தது. ஸ்கிரிப்ட் ஒன்று இதை மூலத்தோடு ஒப்பிட்டு, பின்தங்கிய பக்கங்களைப் பட்டியலிடும். ரொம்பவே பின்தங்கினால் பக்கத்தின் மேலேயே எச்சரிக்கை வந்துவிடும். கோப்புக்கு ஒரே ஒரு வரி, அவ்வளவுதான் செலவு.

வரி வரியாக மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் என்ற கருவியின் வழியில் போனால் இது வரிக்கு வரி நடக்கும். மூல வரி மாறியதும், மூலமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்திருக்கும் பிஓ கோப்பில் அதன் மொழிபெயர்ப்பு மேல் ‘ஃபஸ்ஸி’ (மறுபடி பார்க்க வேண்டியது) என்ற குறி விழும். தொகுக்கும்போது அந்த வரி ஒதுக்கப்பட்டு, ஆங்கிலமே தெரியும். ஒரே பக்கத்தில் இரண்டு மொழியா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். நிறுவல் பக்கத்தில் தவறான கட்டளையைக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். நீண்ட கட்டுரையாக ஓடும் பக்கங்களுக்கு மட்டும் டெபியன் முறையே பொருந்தும் என்பேன். அங்கே நடுவில் ஆங்கில வரி வந்தால் படிக்கவே முடியாது.

அப்புறம், மொழிபெயர்ப்பு எவ்வளவு முடிந்தது என்ற அட்டவணையில் 100 சதவீதம் காட்ட வேண்டும் என்பதற்காக ஃபஸ்ஸி குறிகளை மொத்தமாக நீக்குபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அவற்றில் பல, ஏறக்குறைய ஒத்த பழைய வரியிலிருந்து கருவியே ஊகித்து நிரப்பியவை. சில நேரம் பொருள் நேர் எதிராகக்கூட இருக்கும்.

## ஆங்கில மூலத்தை நினைத்தபோதெல்லாம் மெருகேற்றுவது

ஒரு காற்புள்ளி சேர்த்தாலும் கெட்டெக்ஸ்டுக்கு அது வேறு வரி. இருபது மொழிகள் இருந்தால் இருபது குழுக்கள் அதைத் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும். லினக்ஸ் மேசைச்சூழலான க்னோம் திட்டத்தில் ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்பும் வரிகளை மாற்றாமல் நிறுத்திவைக்கும் காலம் உண்டு. தளத்துக்கும் அப்படி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பொருள் மாறாத திருத்தம் என்றால், திருத்தியவரே எல்லா மொழிக் கோப்புகளிலும் அந்த மூல வரியைச் சரிசெய்துவிட்டால் யாருக்கும் வேலை இல்லை.

## வாக்கியத்தைத் துண்டு துண்டாகக் கொடுப்பது

எண்ணுக்கு முன்னே ஒரு துண்டு, பின்னே ஒரு துண்டு என்று நிரலில் ஒட்டாதீர்கள். முழு வாக்கியமாகக் கொடுங்கள். பன்மைக்கும் கருவியின் வசதியையே பயன்படுத்துங்கள். கெட்டெக்ஸ்டில் ஜப்பானியத்துக்கு ஒரே வடிவம், ரஷ்ய மொழிக்கு மூன்று, அரபிக்கு ஆறு.

## மொழிகளுக்குக் கொடிப் படம்

வேண்டாம். மொழியின் பெயரை அந்த மொழியிலேயே எழுதுங்கள்.

## எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுப்பது

முகப்பு, பதிவிறக்கம், நிறுவல். இவை முடியட்டும், மற்றவை பிறகு.

## ஒரு மொழிக்கு ஒரே ஆள்

அவருக்கு வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஆர்வம் குறையும். இரண்டாவது ஆள் கிடைக்கும்வரை சின்னதாகவே வைத்திருங்கள். சரிபார்க்க அந்த மொழி தெரிந்தவர் இல்லை என்றால், நீங்களே பார்க்கக்கூடியதும் உண்டு: இணைப்புகள் வேலை செய்கின்றனவா, கட்டளைகள் எழுத்துக்கு எழுத்து மூலத்தோடு ஒத்துப்போகின்றனவா, நிரப்பிடங்கள் (பெயர், எண் போன்றவை பிறகு வந்து அமரும் குறிகள்) விடுபடவில்லையா. வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புக் கருவிகள் இதில் கடைசியானதைத் தாமாகவே பிடித்துவிடும்.

ஆள் போய்விட்டார், வேறு யாரும் வரவில்லை என்றால் அந்த மொழியை முதலில் மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள். முகவரிகளை ஆங்கிலப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். கோப்புகளை மட்டும் அழிக்காதீர்கள், திட்டத்தின் கோப்புகள் இருக்கும் ரெப்போவிலேயே இருக்கட்டும். யாராவது வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். முதலில் செய்தவரின் பெயரும் அந்தக் கோப்புகளில் இருக்கட்டும்.