எழுத்துக்கூட்ட விடாமல் தடுக்கும் தவறுகள்

கொடுமுடிக்கும் சிவகிரிக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே நான் நடத்தும் மாலை வகுப்புக்கு உதவியாக, ஆசிரியர் பயிற்சி முடித்த இரண்டு பெண்கள் இந்த ஆண்டு வந்திருக்கிறார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தி வண்ண அட்டைகளை வெட்டி, அட்டைக்கு ஒன்றாக ஆங்கிலச் சொற்களை ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாள். மொத்தம் 220 சொற்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதே சொற்களை அதே அழகோடு நானும் எழுதியிருக்கிறேன்.

பிள்ளைகளை அடிக்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். ஆங்கிலம் படிக்கக் கற்றுக்கொடுப்பதில், தெரிந்தவர்களே செய்யும் தவறுகள் சில உண்டு.

சொல்லைப் படம்போலப் பதிய வைப்பது

அந்த 220 சொற்களின் பட்டியல் எட்வர்ட் டோல்ச் என்ற அமெரிக்கர் 1936-இல் வெளியிட்டது. சிறுவர் நூல்களில் அடிக்கடி வரும் சொற்கள் என்பதால், பார்த்தவுடன் சொல்லத் தெரிய வேண்டும் என்று அவற்றைத் தொகுத்தார். பட்டியலில் குறை இல்லை. எழுத்தின் ஒலியே தெரியாத பிள்ளையிடம் முழுச் சொல்லை நீட்டி, "இது வாஸ் (was), இது செட் (said)" என்று நாம் திணிக்கிறோமே, அங்கேதான் கோளாறு.

என்னிடம் ஒரு சிறுமி படித்தாள். பெற்றோர் மஞ்சள் வேகவைக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். அட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிப்பாள். காட்டியதும் பட்டென்று சொல்வாள். வகுப்புக்கு யார் வந்தாலும் அவளைத்தான் எழுப்பி நிறுத்துவேன். அட்டைகள் நைந்துபோனதால் ஒருநாள் புதிதாக எழுதி, 'வாஸ்' அட்டையை நீட்டினேன். விழித்தாள். "நேற்றுக்கூடச் சொன்னாயே, அம்மிணி?" என்றேன். "இது மஞ்சள் அட்டை இல்லையே, டீச்சர்" என்றாள். பழைய அட்டையின் மூலையில் ஒரு மஞ்சள் கறை இருந்தது. அத்தனை நாளும் அவள் அந்தக் கறையைத்தான் படித்திருக்கிறாள்.

அமெரிக்க உளவியலாளர் பிலிப் கஃப்பும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள் என்று பின்னாளில் அறிந்தேன். சில சொல்லட்டைகளில் ஒன்றில் மட்டும் கட்டைவிரல் ரேகையைப் பதித்துக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அந்தச் சொல்லை வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். ரேகை இல்லாமல் அதே சொல்லைக் காட்டியபோது தடுமாறினார்கள். சொல் இல்லாமல் ரேகையை மட்டும் காட்டியபோது சரியாகச் சொன்னார்கள்.

இதனால் வரும் இழப்பு உடனே தெரிவதில்லை என்பதுதான் இன்றும் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. மூன்றாம் வகுப்பில் அட்டையில் இல்லாத சொற்கள் வரிசைகட்டி வரும்போது முதல் எழுத்தைப் பார்த்து, தெரிந்த ஏதோ ஒரு சொல்லைச் சொல்லும். 'வாஸ்' (was), 'சா' (saw) இரண்டிலும் இருப்பவை அதே மூன்று எழுத்துகள், இடம்தான் மாறியிருக்கிறது. படமாகப் பார்த்த கண்ணுக்கு அவற்றைப் பிரிக்கத் தெரியாது. அந்தச் சிறுமி ஐந்தாம் வகுப்பில், படித்தால் தலை வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். அவளுக்கு 'ஸ்' என்ற ஒலியிலிருந்து மறுபடி தொடங்கும்போது ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அந்த ஆண்டுகளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

பெரியவர்கள் நாமும் சொல்லைப் பார்த்தவுடன்தானே படிக்கிறோம் என்று அந்த இளம் ஆசிரியை கேட்டாள். நல்ல கேள்வி. பஸ் போர்டில் 'ஈரோடு' என்பதை நாம் எழுத்துக்கூட்டுவதில்லைதான். ஆனால் ஒரு காலத்தில் ஈ, ரோ, டு என்று கூட்டிக் கூட்டிப் படித்ததால்தான் இன்று ஒரே பார்வையில் பிடிபடுகிறது. 'ஈ' என்பதை மட்டும் அடையாளம் வைத்துக்கொண்ட பிள்ளை ஈங்கூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடும்.

டோல்ச் பட்டியலிலேயே ரன், ரெட், பிக், ஜம்ப், ஹெல்ப் போன்றவை ஒலிகளைக் கூட்டினாலே வந்துவிடும். அவற்றுக்கு அட்டையே வேண்டியதில்லை. 'செட்' போன்ற முரண்டு பிடிக்கும் சொல்லிலும் முதலில் வரும் எஸ், கடைசியில் வரும் டி இரண்டும் ஒழுங்காகத்தான் ஒலிக்கின்றன. நடுவிலுள்ள ஏ, ஐ மட்டும் சேர்ந்து 'எ' என்று ஒலிக்கின்றன. அந்த இடத்தை மட்டும் வட்டமிட்டு, "இங்கே மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், கண்ணு" என்று சொன்னால் போதும்.

மெய்யோடு உயிரை ஒட்டிச் சொல்வது

ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் படிக்க வைக்கும் ஒலிமுறையில் கற்றுத் தருகிறேன் என்பவர்களும் இங்கே சறுக்குகிறார்கள். எஸ், யு, என் மூன்றையும் 'ஸு, அ, னு' என்று சொல்லிக் கொடுத்தால் பிள்ளை கூட்டிப் பார்த்து 'ஸுஅனு' என்கிறது. 'சன்' எங்கிருந்து வரும்? பஸ்ஸு, காரு என்று சொற்களை உகரத்தில் முடித்தே பழகிய நாக்கு நமக்கு. தமிழ் வகுப்பிலோ க், ங், ச் என்பவற்றை 'இக், இங், இச்' என்று முன்னால் இகரம் சேர்த்துச் சொல்கிறோம்.

முன்னும் பின்னும் எதுவும் ஒட்டாமல், புள்ளி வைத்த எழுத்தாகவே ஒலிக்க வேண்டும். இழுத்துச் சொல்லக்கூடிய ஸ்ஸ்ஸ், ம்ம்ம், ன்ன்ன் மூன்றையும் முதலில் எடுங்கள். இழுக்க முடியாத ப், ட், க் பிறகு வரட்டும். க் உடன் அ சேர்ந்தால் க என்று நம் பிள்ளைகள் ஏற்கெனவே கற்றவர்கள். ஒலியோடு ஒலியைச் சேர்ப்பது அவர்களுக்குப் புதிதல்ல. இந்த முதலீட்டை ஆங்கில வகுப்பின் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுகிறோம்.

பத்துத் தடவை எழுதச் சொல்வது

வேண்டாம். 'த' (the) என்ற சொல்லைக் கொடுத்தால், முதலில் பத்து டி, அடுத்து பத்து எச், அடுத்து பத்து இ என்று மேலிருந்து கீழாக எழுதி முடித்துவிடுகிறார்கள்.

காதில் விழாத சொல்லைக் கூட்டச் சொல்வது

இங்கிலாந்தில் ஒரு பிள்ளை 'ஃபாக்ஸ்' என்று ஒலிகளைக் கூட்டி முடித்ததும், அது தினம் காதில் கேட்ட சொல் என்று முகம் மலர்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக் கூட்டிய பிறகும் அது வெறும் சத்தம்தான். குழிநரி என்றால் உடனே தெரியும். ஆகவே படிக்க வைப்பதற்கு முந்தைய நாட்களிலேயே அந்தச் சொல்லை வாயால் பேசி, விளையாடி, காதுக்குப் பழக்கிவிடுங்கள். ஒலிமுறைப் புத்தகத்தை அப்படியே பிரித்து நடத்துகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். ஒலிமுறை பலன் தரவில்லை என்று சலித்துக்கொள்ளும் பலருக்கு உண்மையில் நேர்ந்ததும் இதுவே.

படத்தைப் பார்த்து ஊகிக்கச் சொல்வது

படத்தைக் கையால் மறையுங்கள்.

ஒப்பிப்பதைப் படிப்பதாக எண்ணுவது

முழுப் பாடத்தையும் விரல் வைத்து ஒப்பிக்கும் பிள்ளைகள் உண்டு. விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். சந்தேகமிருந்தால் பொருளில்லாத சொல் ஒன்றை எழுதிக் காட்டுங்கள்: 'லிஸ்', 'மிப்' என்று எதுவானாலும் சரி. இங்கிலாந்தில் 2012 முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் ஒலிமுறைத் தேர்வில் 40 சொற்கள். அவற்றில் 20 இப்படிப்பட்ட பொருளில்லாச் சொற்கள்தான். மனப்பாடம் அங்கே உதவாது. தமிழுக்கும் இதே சோதனை பொருந்தும். 'ஆ' என்ற எழுத்தைக் காட்டினால் 'ஆடு' என்று சொல்லும் பிள்ளை, எழுத்தை அல்ல, அரிச்சுவடிப் படத்தைச் சொல்கிறது.

"இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறானா?"

பிள்ளையின் காதுபட இதைக் கேட்காதீர்கள். பனியன் கம்பெனி வேலை முடிந்து இரவு பஸ்ஸில் திருப்பூரிலிருந்து திரும்பும் ஒரு தகப்பனார், மகன் திக்கித் திக்கிப் படிப்பதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து அந்தப் பையன் கூட்டுவதை விட்டுவிட்டு ஊகிக்கத் தொடங்கினான். வேகமாகப் படிப்பதுபோல் இருந்தது; பாதிச் சொற்கள் தவறு. அவரை வகுப்புக்கு அழைத்து உட்காரவைத்து, "இப்படிக் கூட்டுகிறான் பாருங்கள், இதுதான் படிப்பு" என்று காட்டினேன். அடுத்த மாதம் முழுவதும் இரவில் மகனுக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். பையன் மறுபடி கூட்டினான்.

புதிதாக எழுதிய அந்த 220 அட்டைகளை வீணாக்கவில்லை. இரண்டு பெண்களும் நானுமாக உட்கார்ந்து, அவற்றைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதி வைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை எஸ், எம், என், ஏ என்ற நான்கோடு தொடங்குகிறோம்.