அம்மாவை மீண்டும் நடக்க வைத்த நாற்காலிப் பயிற்சி

எழுபது வயதைக் கடந்த என் அம்மா மாலை நடையை நிறுத்திவிட்டு, கேட்டால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவந்தார். மூட்டில் வலியோ வீக்கமோ இல்லை. இரத்த அழுத்தமும் சீராகவே இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்களும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை எடுத்துச் சொன்னேன், தலையசைத்ததோடு சரி. அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் இழுப்பறைக்குள் போனது. துணைக்கு வருகிறேன் என்றபோதும் பலனில்லை.

வாரக்கணக்கில் இப்படி வீணான பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. சோபாவிலிருந்து எழும்போது அம்மா இரு கைகளையும் கைப்பிடியில் ஊன்றி, ஒருமுறை முன்னும் பின்னும் ஆடி, எழுந்த பின்னும் சற்று நேரம் பிடியை விடாமல் நின்றார். வழியில் கைப்பிடியில்லாத பெஞ்சில் உட்கார்ந்தால் எழ முடியாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறீர்களா என்று கேட்டதும், தயங்காமல் ஆமென்றார். தொடைத் தசை தளர்ந்த பெரியவர்களிடம் இது சாதாரணம்.

இயன்முறை மருத்துவரின் ஆலோசனைப்படி, சுவரோடு ஒட்டிய உறுதியான நாற்காலியில் கெட்டியான குஷன் போட்டு உயரத்தைக் கூட்டி, கைகளை ஊன்றாமல் மெல்ல எழுந்து, அதைவிட மெல்ல உட்காரும் பயிற்சியைத் தொடங்கினோம். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, உடலை முன்சாய்த்து எழுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தொப்பென்று விழாமல் நிதானமாக இறங்குவதும் தசைக்கு நல்ல வேலை. எளிதாகிவிட்டதும் குஷனை எடுத்துவிட்டோம். அதன்பின் யாரும் சொல்லாமலே மாலை நடைக்குக் கிளம்பினார். நாற்காலிப் பயிற்சியையும் இன்றுவரை விடவில்லை.