‘படம் எப்படி இருந்துச்சு?’ என்று கேட்காதீர்கள்: மாணவர் த்ரில்லர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்கள் எடுத்த த்ரில்லர் குறும்படம் முடிந்து விளக்கு எரிந்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: “ஆமா, கடைசில யாரு கொன்னது?” இயக்குநருக்குத் தூக்கிவாரிப் போடும். “அதான் தெளிவா காட்டியிருக்கோமே!” காட்டியிருப்பார்கள்தான். இரண்டாவது ஷாட்டில், அரை நொடி.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு பெண் வீட்டுக்குள் வருகிறாள். சமையலறை மேடையில் கத்தி ஸ்டாண்டு இருக்கிறது, அதில் ஒரு துளை காலி. அந்த ஷாட்டின் நீளம் 12 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேம் என்ற கணக்கில் அரை நொடி. கதை எழுதியவருக்கும் எடிட் செய்தவருக்கும் அந்தக் காலித் துளை கண்ணைக் குத்தும். முதல்முறை பார்ப்பவரோ, இது யார் வீடு, இவள் ஏன் பதற்றமாக இருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டிருப்பார். நான்கு நிமிடம் கழித்துக் கத்தி வெளியே வரும்போது அவருக்கு ஒன்றும் பிடிபடாது. ஃபீட்பேக் தாளில் ‘க்ளைமாக்ஸ் புரியவில்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

உடனே குழு என்ன செய்யும்? க்ளைமாக்ஸைத் திருப்பி வெட்டும். போதாதென்று, கொலையாளியே நின்று நிதானமாகத் தன் திட்டத்தை விளக்கும் வசனம் ஒன்றையும் சேர்க்கும். பழுது முதல் நிமிடத்தில், வைத்தியம் கடைசி நிமிடத்துக்கு. அந்தக் காலித் துளையை இரண்டு நொடி நிறுத்தி, அவள் கண் அதன்மேல் பட்டு விலகுவதைக் காட்டியிருந்தால் வேலை முடிந்திருக்கும். பார்வையாளர் புகார் சொல்லும் இடமும் தவறு நடந்த இடமும் பெரும்பாலும் வேறு வேறாகத்தான் இருக்கின்றன. த்ரில்லரில் இது இன்னும் அதிகம். பார்ப்பவருக்கு எந்த நொடியில் என்ன தெரியும், எது தெரியாது என்பதை வைத்துத்தானே இந்த வகைப் படமே ஓடுகிறது?

இதை மறந்துவிட்டு ட்விஸ்டை மட்டும் நம்புவதுதான் எழுத்தில் நடக்கும் முதல் தவறு. 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் பேசும்போது த்ரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன மேஜை வெடிகுண்டு உதாரணம் சினிமா வகுப்புகளில் தேய்ந்துபோன ஒன்றுதான். ஆனாலும் படம் எடுக்கும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது தெரியாமல் வெடித்தால் பார்ப்பவருக்கு 15 நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது அவருக்கு மட்டும் தெரிந்து, மேஜையில் இருப்பவர்கள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தால் 15 நிமிடப் பதற்றம். ஐந்து நிமிடப் படத்தில் எல்லாவற்றையும் மூடி மறைத்துக் கடைசியில் திறந்தால், முதல் நான்கு நிமிடம் ஒருவர் நடந்துபோவதைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அதுவும் ‘எல்லாம் கனவு’ என்று முடித்தால், மன்னிக்கவும், அது ட்விஸ்டே கிடையாது.

படப்பிடிப்புத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருட்டு வேண்டும் என்று விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு எடுத்தால் கிடைப்பது புள்ளிப்புள்ளியான சாம்பல் நிறம். ஃப்ரேமுக்குள் ஒரு மேஜை விளக்கையோ ஜன்னல் வெளிச்சத்தையோ வைத்து, மற்ற இடத்தை இருட்டாக விடுங்கள். போனில் எடுத்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, மாறாதபடி லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆள் திரும்பும்போதெல்லாம் அறை தானாகப் பளிச்சென்று ஆகி மங்கும். துரத்தல் காட்சியில் இருவரும் திரையில் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒரு ஷாட்டில் கேமரா அவர்கள் ஓடும் பாதையின் கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டால் ஒருவரையொருவர் நோக்கி ஓடிவருவது போலிருக்கும். லொக்கேஷனை விட்டுக் கிளம்பும் முன் எல்லோரையும் சும்மா நிற்கவைத்து, அந்த அறையின் வெற்றுச் சத்தத்தை 30 நொடியாவது பதிவுசெய்யுங்கள். எடிட்டில் வசனங்களுக்கு நடுவே ஓட்டை தெரியாமல் இருக்க அது வேண்டும். அப்புறம், பொம்மைத் துப்பாக்கியோடு பொது இடத்தில் எடுப்பதானால் அக்கம்பக்கத்துக்கும் காவல்துறைக்கும் சொல்லாமல் எடுக்கவே கூடாது. தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அது பொம்மை என்று தெரியாது.

இனி ஃபீட்பேக்குக்கு வருவோம். முக்கால்வாசிக் குழுக்கள் படத்தை முடித்து, பெயர்களெல்லாம் ஓடவிட்டு, சமர்ப்பிப்பதற்கு முந்தின நாள்தான் கருத்துக் கேட்கின்றன. அப்போது வரும் எந்தக் கருத்தாலும் எதையும் மாற்ற முடியாது. காட்ட வேண்டியது ரஃப் கட்டை, அதாவது ஷாட்களை வரிசையாக வெட்டி ஒட்டிய முதல்கட்ட வடிவத்தை. ஆனால் சத்தமே இல்லாத ரஃப் கட்டைக் காட்டினால் த்ரில்லருக்கு அது அநியாயம். கதவு கிறீச்சிடுவது, போன் அதிர்வது போன்ற முக்கியமான ஒலிகளையாவது தற்காலிகமாக வைத்துவிட்டுக் காட்டுங்கள்.

காட்டுவதற்கு முன் விளக்கம் கொடுப்பது அடுத்த தவறு. “இவளோட தங்கச்சி போன வருஷம் இறந்துட்டா, அதை மனசுல வெச்சுப் பாருங்க” என்று ஒரு வரி சொன்னால் போதும், அந்தப் பார்வையாளர் வீண். அந்த வரி படத்தில் இருந்து புரிகிறதா என்பதைத்தானே சோதிக்கப் போகிறோம்? ‘கலர் இன்னும் செய்யவில்லை’ என்பது மாதிரி தொழில்நுட்பக் குறையை வேண்டுமானால் சொல்லலாம், கதையைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஸ்கிரிப்ட் படித்த நண்பர், படத்தில் நடித்தவரின் அண்ணன் இவர்களெல்லாம் கணக்கில் வரமாட்டார்கள்.

பிறகு கேள்விகள். ‘படம் சஸ்பென்ஸாக இருந்ததா? ஆம் / இல்லை’ என்று கூகுள் ஃபார்மில் கேட்டால், நண்பர்கள் எல்லோரும் ‘ஆம்’ என்று தட்டிவிடுவார்கள். பத்தில் எட்டுப் பேருக்குப் பிடித்தது என்று வட்டப் படம் போட்டு அறிக்கையில் ஒட்டலாம். எந்த ஷாட்டை மாற்றுவது என்பதற்கு அதில் ஒரு துப்பும் கிடைக்காது. பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: கதையை மூன்று வரியில் சொல்லுங்கள். யார்மேல் சந்தேகம் வந்தது, எந்த இடத்தில் வந்தது? எங்கே குழம்பினீர்கள்? முடிவை முன்பே ஊகித்துவிட்டீர்களா, எப்போது? இன்னொரு சிறு குழுவுக்கு ட்விஸ்டுக்குச் சற்று முன் படத்தை நிறுத்தி, “அடுத்து என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். ஒருவர் இருவர் சரியாகச் சொன்னால் கவலை வேண்டாம். எல்லோரும் சொன்னால் துப்பு அதிகமாகிவிட்டது. முடிவைப் பார்த்த பிறகும் ‘இது எங்கிருந்து வந்தது’ என்று விழித்தால் துப்பே போதவில்லை.

பதில்களைத் தனித்தனியாக எழுதி வாங்கிய பிறகுதான் கூட்டமாகப் பேச விட வேண்டும். முதலில் வாய் திறப்பவர் ‘செம’ என்று சொல்லிவிட்டால், குழம்பிப்போன நான்கு பேரும் தலையாட்டுவார்கள். படம் ஓடும்போது நீங்கள் ஓரமாக உட்கார்ந்து திரையை விட்டுவிட்டு முகங்களைப் பாருங்கள். யார் எப்போது போனை எடுத்தார், எங்கே முன்னால் சாய்ந்தார் என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தாளில் வருவதை விட இதில்தான் உண்மை அதிகம் கிடைக்கும் என்பது என் கட்சி. லிங்க் அனுப்பிப் பார்க்கச் சொன்னால், ஹெட்போனில் பார்த்தாரா என்றும் கேளுங்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட ஆழமான பின்னணி உறுமல் போன் ஸ்பீக்கரில் வந்திருக்கவே வந்திருக்காது.

வந்த கருத்துகளை அப்படியே நிறைவேற்றுவதும் தவறுதான். 1987இல் வெளிவந்த ஹாலிவுட் த்ரில்லர் ‘ஃபேடல் அட்ராக்‌ஷன்’ படத்தின் முதல் முடிவு முன்னோட்டக் காட்சிப் பார்வையாளர்களுக்கு ஒப்பவில்லை. வேறு முடிவை எடுத்துச் சேர்த்தார்கள், படமும் வசூலில் பெரிய வெற்றி. ஆனால் அதில் நடித்த க்ளென் க்ளோஸ் அந்த மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். தன் பாத்திரத்துக்கு அது பொருந்தாது என்பது அவர் வாதம். ‘முடிவு திருப்தியாக இல்லை’ என்பது தகவல். ‘கதாநாயகியை உயிரோடு விட்டுவிடுங்கள்’ என்பது ஒருவரின் ஆசை. முதலாவது மூன்று நான்கு பேரிடமிருந்து வந்தால் உட்கார்ந்து காரணம் தேடுங்கள். இரண்டாவதைக் கேட்டு, நன்றி சொல்லி, குறித்து வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

இன்னொன்று. ஒருவர் உங்கள் படத்தை முதல்முறையாகப் பார்ப்பது ஒரே ஒரு தடவைதான். கிடைத்த ஒன்பது பேரையும் முதல் நாளே உட்காரவைத்துவிட்டால், திருத்திய படத்தைக் காட்ட ஆள் இருக்காது. மூன்று மூன்று பேராகப் பிரித்து, கடைசி மூவரைப் படம் லாக் ஆவதற்கு, அதாவது எடிட்டை இனி மாற்றுவதில்லை என்று முடிப்பதற்கு, முந்தைய காட்சிக்கு ஒதுக்கி வையுங்கள்.