சென்னையைப் பார்சலில் அனுப்புவது எப்படி?

கொல்லிமலையில் உள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்குச் சென்னையைப் படங்களாகவும் பொருட்களாகவும் பெட்டியில் கட்டி அனுப்பினோம். எப்படி என்று கேட்டவர்களுக்காக இது. போனில் படம் எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. கேள்விகளை வாங்குங்கள்

முதலில் டீச்சருக்கு போன் போட்டு, சென்னையைப் பற்றிப் பிள்ளைகளின் கேள்விகளை எழுதி வாங்கச் சொல்லுங்கள். நாமாக யோசித்தால் மெரினா, ரிப்பன் மாளிகை என்று காலண்டர் படங்களாகத்தான் வரும். எங்களுக்கு வந்ததோ "அத்தனை பேருக்கும் தண்ணி எங்கேருந்து வருது?", "மாடு எங்க மேயும்?"

தண்ணீருக்கு மெட்ரோ வாட்டர் லாரி, தெருமுனைத் தொட்டி, வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள், புழல் ஏரி எல்லாம் எடுத்தோம். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள் என்று ஒரு வரியும் சேர்த்தோம். பதில் கடிதத்தில் பாதி அதைப் பற்றித்தான். மாட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை, திருவல்லிக்கேணியில் நடுரோட்டிலேயே நிற்கும்.

2. அளவு தெரிய எடுங்கள்

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் பத்து மாடிக்கும் மேல். 1959இல் திறந்தபோது இந்தியாவிலேயே உயரமானது. தனியாக எடுத்தால் தீப்பெட்டி மாதிரி தெரியும். எதிர்ப்புறம் நின்று, கீழே பஸ் வரும்வரை காத்திருங்கள்.

ஆட்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். "அக்கா, மலையில இருக்கிற பிள்ளைங்களுக்குக் காட்டணும்" என்றதும் மயிலாப்பூர் பூக்காரம்மா, "இரு, தலைய சரி பண்ணிக்கிறேன்" என்று கொண்டையில் ஒரு முழம் மல்லி வைத்துக்கொண்டுதான் நின்றார்.

3. பிரிண்ட் (பொறுமையாகப் படிக்கவும்)

போன் படம் பெரும்பாலும் 4:3 விகிதம். போட்டோ லேபில் தரும் 4×6 அங்குலத் தாள் 3:2. தாளை நிரப்பி அடிக்கும்போது, படுக்கைவாட்டுப் படத்தில் மேலும் கீழும் சேர்த்து ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். சென்ட்ரல் மணிக்கூண்டு உச்சியில்லாமல் வரும். நிமிர்ந்த படமானால் இரண்டு ஓரமும் போகும். அதனால் போனிலேயே 3:2 வைத்து நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் "வெள்ளை பார்டர் விட்டு முழுப் படமும் வேணும்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், பென்டிரைவ் என்றால் இன்னும் நல்லது. 4×6க்கு 1800×1200 பிக்சல் இருந்தால் போதும்.

தாள் மேட் (பளபளப்பில்லாதது) தான் வேண்டும். பளபளத் தாளில் ஒரு வகுப்பு முழுக்கக் கை வைத்தால் ரேகைதான் மிஞ்சும். லேமினேஷனும் வேண்டாம், வெளிச்சம் அடித்தால் பாதிப் படம் தெரியாது. பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை இழுகும், எழுத்து முன்பக்கம் புடைக்கும். விவரத்தை ஸ்டிக்கரில் எழுதி அப்புறம் ஒட்டுங்கள்.

4. பொருட்கள்

கடையில் விற்கும் சாவிக்கொத்து வேண்டவே வேண்டாம். பஸ் டிக்கெட், மின்சார ரயில் டிக்கெட், மெட்ரோ வழித்தட வரைபடம், அன்றைய பேப்பரின் சென்னைப் பக்கம், இவை போதும்.

கடற்கரைச் சிப்பியில் உயிர் இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். காலிச் சிப்பியை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, மொட்டைமாடியில் காயப்போடுங்கள். சரியாகக் காயாவிட்டால் பெட்டியைத் திறந்ததும் வகுப்பே மூக்கைப் பொத்தும். கடற்கரை மணலும் அனுப்புவதானால், அதில் உப்பு இருப்பதால் காய்ந்த பிறகும் ஈரம் இழுக்கும். இறுக மூடும் பாட்டிலில் போடுங்கள்.

5. அனுப்புதல்

முகவரியில் டீச்சர் பெயர், பின்கோடு, போன் எண். லீவு நாளில் போய்ச் சேராதபடி பார்த்து அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்த ஒருவர், பஸ் டிக்கெட்டுக்கு வகுப்பில் அடிதடி என்று எழுதியிருக்கிறார். ஆளுக்கொன்று சேர்த்து அனுப்புங்கள். மெஷினில் அடித்த டிக்கெட்டில் எழுத்து வெயில் பட்டால் மங்கிவிடும், சுவரில் ஒட்டாமல் நோட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள்.