எய்ட்டீஸ் ஹாலிவுட் ஹைஸ்கூல் காமெடி படங்களை ஒப்பிட்டுப் பாக்குறது எப்படி?

"இருக்கறதுலயே எது பெஸ்ட்டு"ன்னு ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல சண்டைதான் மிஞ்சும், எனக்கும் என் ரூம்மேட்டுக்கும் அப்படித்தான் ஆச்சு. அதனால ரேங்க் போடுறத விட்டுட்டு இப்படி பண்ணிப் பாருங்க.

ஸ்டெப் 1: ரெண்டே ரெண்டு படம்

பத்து படத்த அள்ளிப் போட்டுக்காதீங்க. முதல் தடவைக்கு 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985), 'ஃபெர்ரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்' (1986) போதும். ரெண்டுமே ஜான் ஹியூஸ் எழுதி டைரக்ட் பண்ணது, ரெண்டுமே சிகாகோ பக்கத்துல ஒரே நாள்ல நடக்குற கதை. ஒண்ணுல சனிக்கிழமை லீவு அன்னைக்கு அஞ்சு பேர் பனிஷ்மென்ட்ல ஸ்கூல் லைப்ரரில மாட்டிக்குறாங்க, இன்னொண்ணுல ஸ்கூல் நாள்ல மூணு பேர் கட் அடிச்சிட்டு ஊர் சுத்துறாங்க. அப்படியே திருப்பிப் போட்ட மாதிரி!

ஸ்டெப் 2: சும்மா பாருங்க

நோட்டு பேனா எல்லாம் ஓரமா வைங்க, காமெடிக்கு சிரிக்கணும்ல.

ஸ்டெப் 3: ரெண்டாவது தடவை ஒரே ஒரு கேள்வியோட

என் கேள்வி, "அப்பா எங்க?" பிரேக்ஃபாஸ்ட் கிளப்ல பெண்டர்னு ஒரு ரவுடிப் பையன், சட்டைக் கைய மேல ஏத்தி தழும்ப காட்டுவான். பெயின்ட்ட கொட்டினதுக்கு அவங்கப்பா சுருட்டால சுட்டது. அதுவரைக்கும் சிரிச்சிட்டு இருந்த நமக்கு அங்க கப்புனு ஆயிடும். ஃபெர்ரிஸ் வீட்டுலயோ பயங்கர பாசமான பேரன்ட்ஸ், பையன் எதச் சொன்னாலும் நம்புறாங்க, அதான் அவன் அவ்ளோ ஜாலியா இருக்கான். ஆனா அவன் ஃப்ரெண்டு கேமரனோட அப்பா படம் முழுக்க மூஞ்சியே காட்ட மாட்டாரு, அவரோட 1961 ஃபெராரி மட்டும்தான் வரும். கடைசில கேமரன் ஆத்திரத்துல அந்தக் கார உதை உதைன்னு உதைக்க, அது ஜாக்கில இருந்து நழுவி, கண்ணாடிய உடைச்சிட்டு கீழ பள்ளத்துல போய் விழும் பாருங்க... அந்தப் பையன அப்படியே தூக்கி அந்த லைப்ரரில ஆறாவது ஆளா உக்கார வச்சா கரெக்டா செட் ஆவான். எனக்கு அந்தப் படத்தோட ஹீரோவே கேமரன்தான்.

ஸ்டெப் 4: அதே கேள்வியோட ஹியூஸ் இல்லாம வேற ஆள் எடுத்த படத்துக்குப் போங்க

எமி ஹெக்கர்லிங் எடுத்த 'ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மாண்ட் ஹை' (1982). இதுல பேரன்ட்ஸ் கிட்டத்தட்ட கண்ணுலயே பட மாட்டாங்க, பசங்க பாதிப் பேர் மால்லயும் பர்கர் கடைலயும் வேலைக்குப் போறாங்க. ஸ்டேசிங்கற பொண்ணு அபார்ஷனுக்கு வீட்ல சொல்லாமப் போயிட்டு க்ளினிக்க விட்டு வெளிய வந்தா, அண்ணன் பிராட் காரோட வெயிட் பண்ணிட்டு இருப்பான், ஒரு திட்டு கிடையாது. என்னைக் கேட்டா மூணுல இதுக்குத்தான் தைரியம் ஜாஸ்தி.

ஒரு விஷயம், பழசுங்கறதுக்காக எல்லாத்தயும் மன்னிச்சு விட வேண்டாம். 'சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்' (1984) படத்துல ஆசியப் பையன் வரும்போதெல்லாம் காங் மணி அடிக்கிறது இப்ப பாத்தா சகிக்கல. அதையும் நோட்டுல எழுதுங்க.

அடுத்த ஜோடி வேணும்னா 'ப்ரெட்டி இன் பிங்க்' (1986), 'சம் கைண்ட் ஆஃப் வொண்டர்ஃபுல்' (1987). முதல் படத்துல ஹீரோயின் கூடவே சுத்துற ஃப்ரெண்டு டக்கியோட சேருற மாதிரிதான் முதல்ல எடுத்தாங்க, டெஸ்ட் ஷோல ஆடியன்ஸுக்குப் பிடிக்கலன்னு பணக்காரப் பையனோட சேத்து வச்சு மறுபடி ஷூட் பண்ணாங்க. அடுத்த வருஷமே அதே ரைட்டரும் அதே டைரக்டரும் ஆண் பெண்ண மாத்திப் போட்டு, இந்தத் தடவை ஃப்ரெண்டையே ஜெயிக்க விட்டாங்க. அப்பா கேள்வி இங்கயும் வேலை செய்யும்: ப்ரெட்டி இன் பிங்க்ல அப்பா வேலை இல்லாம வீட்ல படுத்திருக்காரு, காலைல பொண்ணுதான் அவர எழுப்பி விடுறா.