கொரியக் கடைத்தெருவில் கொடுக்கல் வாங்கல்: புதிய சிப்பாய்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பியோங்தேக் நகரின் அமெரிக்கப் படைமுகாம் வாசலைத் தாண்டினால் அன்ஜோங்ரி கடைத்தெரு தொடங்கிவிடும். அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்த தமிழனான நான் அங்கே இரண்டு முறை பணியாற்றினேன். முதல் முறை நான் செய்த பிழைகளையே புதிதாக வந்திறங்கிய இளைஞர்களும் செய்வதை இரண்டாம் முறை கண்டதால் இதை எழுதுகிறேன். விலை பேசி ஏமாறாமல் இருப்பது போன்றவற்றை அவர்களே நான்கு நாளில் கற்றுக்கொள்வார்கள்.

கொசுறைக் கடனாக எண்ணுவது

நம் கொசுறுக்கு இணையாகக் கொரியச் சந்தையில் ‘தொம்’ உண்டு. உணவுக்கடைகளில் அதைச் ‘சொபிசு’ என்பார்கள். கேட்காமலே ஒரு தட்டு கூடுதலாக வந்தால், நன்றி சொல்லி உண்டால் போதும். உடனே ஈடுகட்டிவிட வேண்டும் என்ற துடிப்பிலிருந்துதான் அடுத்த தவறு பிறக்கிறது.

தீர்வையில்லாப் பொருளை வெளியே கொடுப்பது

என் சீருடைக்குப் பெயர்ப்பட்டை தைத்துக் கொடுத்த மூதாட்டியை ‘இமோ’ என்று அழைப்பேன். தாயின் சகோதரியைக் குறிக்கும் சொல் அது. ஒருநாள் கால்சட்டை ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். மனம் கேளாமல், மறுவாரம், சுங்கத் தீர்வையின்றிப் படையினருக்கு விற்கும் முகாம் கடையிலிருந்து ஒரு புட்டி காப்பிப்பொடியும் நான்கு டப்பா ஸ்பாம் இறைச்சியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைப் பார்த்த பக்கத்துக் கடைக்காரர் அடுத்த மாதம் விஸ்கி கேட்டார், மடித்த வொன் நோட்டுகளை என் கையில் வைத்தார், நானும் வாங்கிக்கொண்டேன்.

கொரியாவில் உள்ள அமெரிக்கப் படைகளின் நிலை குறித்து 1966இல் கையெழுத்தாகி 1967இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு, தீர்வையின்றி இறக்குமதியான பொருட்களை, அந்தச் சலுகை இல்லாதவர்களுக்கு, இரு நாட்டு அதிகாரிகளின் ஒப்புதலின்றிக் கைமாற்றக் கூடாது என்கிறது. முகாம் கடையில் மது வாங்கும்போதெல்லாம் நம் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை நான் பொருட்படுத்தவில்லை. பல மாதங்கள் கடைச்சலுகையை இழந்தேன். பதவி உயர்வும் தள்ளிப்போனது. அவற்றையெல்லாம் விட, சுங்க அதிகாரிகள் விசாரித்தபோது, பொத்தான்கள் போட்டு வைத்திருந்த அந்தக் காப்பிப்புட்டியை இமோ நடுங்கும் கையால் எடுத்து மேசைமேல் வைத்ததுதான் இன்றும் என்னை வருத்துகிறது.

“இங்கே காலங்காலமாக நடப்பதுதான்” என்று புதியவர்களைத் தூண்டும் மூத்த சிப்பாய்களைக் கண்டால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. கொரியப் போருக்குப் பிந்தைய பஞ்சத்தில், முகாம்களிலிருந்து வெளியே வந்த டப்பா இறைச்சி பல குடும்பங்களின் பசியாற்றியது உண்மை. உயிஜோங்பு நகருக்குப் பேர் வாங்கித் தந்த ‘புதே ஜிகே’ என்னும் படைமுகாம் குழம்பு அப்படிப் பிறந்ததே. சியோலின் நம்தேமுன் சந்தையில் அத்தகைய பொருட்கள் விற்ற பகுதியைத் ‘தொக்கேபி’ சந்தை, அதாவது பூதச் சந்தை, என்றே அழைத்தார்கள். ஆனால் ஸ்பாம் 1987 முதல் கொரியாவிலேயே தயாராகிறது. பண்டிகைக் காலத்தில் பரிசுப்பெட்டிகளாகக் கடைகளில் அடுக்கி வைக்கிறார்கள். பசி தீர்ந்த நாட்டில் அந்தப் பழங்கதையைச் சொல்லித் தீர்வை ஏய்ப்பை நியாயப்படுத்த முடியாது.

காரை அப்படியே கைமாற்றுவது

தீர்வையின்றிக் கொண்டுவந்த காரைக் கொரியருக்கு விற்பதானால், முதலில் சுங்கத்தில் தீர்வையைச் செலுத்துங்கள்.

படைக் கிடங்குப் பொருளை விற்பது

அது திருட்டு.

ஒற்றைக் கையால் பணம் நீட்டுவது

பெரியவர்களிடம் இரண்டு கைகளாலும் கொடுங்கள், இரண்டு கைகளாலும் வாங்குங்கள்.

முகாம் கடையில் பரிசு தேடுவது

அன்பைத் திருப்பிக் காட்ட விரும்பினால், உள்ளூர்ச் சந்தையில் வொன் கொடுத்து வாங்கிய ஒரு பெட்டி பேரிக்காய் போதும். இரண்டாம் முறை சென்றிருந்தபோது, சூசோக் பண்டிகைக்கு முதல்நாள் அப்படி ஒரு பெட்டியோடு இமோவின் கடைக்குப் போனேன். ரசீதைக் கேட்டு வாங்கிக் கண்ணாடி அணிந்து படித்த பிறகே அவர் பெட்டியைத் தொட்டார்.