உங்கள் காணியில் இன்னொருவர் வீடு: ஊருக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நல்லூர்த் திருவிழாவை ஒட்டி யாழ்ப்பாணம் போகிறவர்களில் பலர், கோயில் குளம் முடிந்த கையோடு அப்பாவின் காணியையும் ஒருக்கால் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பார்கள். போய்ப் பார்த்தால் அங்கே ஒரு கல்வீடு நிற்கும். முன்னால் மதில், முற்றத்தில் மோட்டார்சைக்கிள், கொடியில் உடுப்பு. காணி உறுதி உங்கள் கையில், வீட்டுத் திறப்பு அவர்கள் கையில். மூன்று கிழமை லீவில் இதைத் தீர்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த மூன்று கிழமையைச் சரியாகப் பயன்படுத்தினால், பிறகு நடக்கும் பேச்சோ வழக்கோ உங்கள் பக்கம் பலமாக இருக்கும்.

இலங்கையில் நிலவுரிமைக்கு அடிப்படை ரோமன்-டச்சுச் சட்டம். அதன்படி நிலத்தில் எழும்பிய கட்டடம் நிலத்தோடு சேர்ந்தது. அதாவது நிலம் உங்களுடையதென்றால் வீடும் உங்களுடையதே. இதைக் கேட்டதும் பலருக்கு உற்சாகம் வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். தனக்கே உரித்தான காணி என்று நம்பிக் கட்டியவருக்கு, அவர் செய்த மேம்பாட்டுக்கு நட்டஈடு உண்டு. அது கிடைக்கும்வரை இடத்தைப் பிடித்துவைத்திருக்கும் உரிமையும் உண்டு. உங்கள் அனுமதியோடு கட்டியவரையும் நீதிமன்றம் பெரும்பாலும் இப்படித்தான் பார்க்கும். அடுத்தவன் காணி என்று தெரிந்தே கட்டியவரின் நிலை இதைவிட மிகப் பலவீனமானது.

ஆகவே சண்டைக்கு முன் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: கட்டியவர் அந்த வளவுக்குள் எப்படி வந்தார்? 'இருக்கிறவரைக்கும் இருங்கோ' என்று உங்கள் அம்மா சொல்லிவிட்ட சித்தப்பாவா? காவலுக்கு வைத்தவரா? இடம்பெயர்ந்து வந்து தங்கியவரா? போலி உறுதியை நம்பிக் காசு கொடுத்து வாங்கியவரா? வாய்ச்சொல்லால் காணி கைமாறாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் கைமாறும். ஆனால் அதே வாய்ச்சொல், அவர் உங்கள் அனுமதியில் இருந்தவர் என்பதற்கு ஆதாரமாகும். அனுமதியில் இருக்கிறவர் ஆட்சியுரிமை, அதாவது நெடுங்காலம் ஆண்டதால் காணி தனதே என்று, கேட்பது சுலபமில்லை. அந்தக் காலக் கடிதம், வாட்ஸ்அப் குரல்பதிவு, காசு அனுப்பிய ரசீது எதையும் எறியாதீர்கள்.

ஆட்சியுரிமைதான் புலம்பெயர்ந்தவருக்குப் பெரிய ஆபத்து. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகத் தடையில்லாமல் பத்து ஆண்டு காணியை ஆண்டுவந்தவர் அது தனதென்று கோரலாம். அவர் ஆளத் தொடங்கிய நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே கடல்கடந்து இருந்தால் அந்தப் பத்து ஆண்டு ஓடாது என்று அதே சட்டம் சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். முப்பது ஆண்டு தாண்டினால் அந்தச் சலுகையும் போய்விடும். 1995 இடப்பெயர்வை அண்டி உள்ளே வந்தவர்களுக்கு அந்தக் கணக்கு இப்போது நிறைந்துகொண்டிருக்கிறது. போர்க்காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது, ஆனால் வழக்குப் போட இரண்டு ஆண்டுதான் அவகாசம் தந்தது. அந்த வாசல் மூடிவிட்டது. சும்மா இருப்பதுதான் காணி பறிபோக முக்கிய வழி.

போன முதல் கிழமையே காணிப் பதிவகத்தில் தோம்பு (காணிப் பதிவேடு) பார்க்க ஒரு சட்டத்தரணியையோ நொத்தாரிசையோ பிடியுங்கள். உங்கள் உறுதிக்குப் பிறகு அந்தக் காணிக்கு ஏதாவது பதிவாகியிருக்கிறதா, குறிப்பாக யாராவது 'ஆட்சி உறுதி' எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் அந்த உறுதி மட்டும் ஒருவருக்கு உரிமை கொடுத்துவிடாது. ஆனால் அதை வைத்து மூன்றாமவருக்கு விற்றால் உங்களுக்குப் பொல்லாத வேலை.

பிறகு பழைய உறுதியை நிதானமாக வாசியுங்கள். எத்தனை பரப்பு எத்தனை குழி, நான்கு எல்லையும் யார் யார், கிணற்றில் பங்கு உண்டா, 'வழிவாய்க்கால்' (பாதை, வாய்க்கால் உரிமை) என்று ஏதும் எழுதியிருக்கிறதா, அந்த நேரம் அங்கே வீடு நின்றதா. எல்லையில் பேர் வந்தவர்கள் எப்போதோ செத்திருப்பார்கள். அவர்களின் பிள்ளைகள் யார் என்று பக்கத்து வீட்டு முதியவரிடம்தான் கேட்க வேண்டும். நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு போய்ப் புதுப் படம் கீறுங்கள். சில இடங்களில் வீடு முழுக்க உங்கள் காணியில் நிற்காது, குசினியும் குளியலறையும் மட்டும்தான் நீட்டிக்கொண்டு நிற்கும். கதியால் வேலி மதிலாக மாறிய இடத்தில் வேலி உங்கள் பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிரதேச சபையில் கட்டட அனுமதியும் சோலைவரியும் (ஆதனவரி) யார் பேரில், எந்த ஆண்டிலிருந்து என்று விசாரியுங்கள். இந்திய வீட்டுத்திட்டம் போன்ற உதவியில் கட்டிய வீடென்றால், விண்ணப்பத்தோடு எந்தக் காணி ஆவணம் கொடுத்தார்கள் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம்.

பூட்டை உடைக்காதீர்கள், மதிலை இடிக்காதீர்கள், ஆட்களோடு போய்ச் சத்தம் போடாதீர்கள். 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்றச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்கு வந்தால், நீதவான் உறுதி யாருடையது என்று பார்ப்பதில்லை, அந்த நேரம் யார் ஆட்சியில் இருந்தார் என்றுதான் பார்ப்பார். இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்ப உள்ளே விடச் சொல்லும் சட்டம் அது. நீங்கள் லண்டன் திரும்பும்போது அவர் நீதிமன்றக் கட்டளையோடு உங்கள் வீட்டுக்குள் இருப்பார். மறுபக்கம், உங்கள் காணிக்குள் போன மாதம்தான் யாரோ பலவந்தமாகப் புகுந்தார்கள் என்றால் இதே பிரிவு உங்களுக்குத்தான் உதவும், நாள் கடத்தாதீர்கள்.

கட்டியவர் கூடப்பிறந்தவர் என்றால் கதை வேறு. பங்காளிகளில் ஒருவர் ஆள்வது எல்லோருக்காகவும் ஆள்வதாகவே கொள்ளப்படும் என்பது 1911 பிரிவி கவுன்சில் தீர்ப்பிலிருந்து நிலைத்த கொள்கை. மற்றவர்களின் பங்கை வெளிப்படையாக மறுத்து அவர்களை ஒதுக்கியதைக் காட்டாமல் அவர் ஆட்சியுரிமை கோர முடியாது. அங்கே பங்கு பிரிப்புத்தான் வழி. பொதுவாக வீடு நிற்கும் துண்டு கட்டியவருக்கே விழும்படிதான் பிரிப்பார்கள். கிளிநொச்சிப் பக்கம் பெர்மிட் காணி என்றால் அது அரச காணி, பிரதேச செயலகத்தில்தான் பேச வேண்டும். தையிட்டியில் தனியார் காணிகளில் விகாரை எழும்பியது போன்ற விவகாரங்கள் இந்த வழிகளுக்குள் அடங்காதவை.

பெரும்பாலும் நல்ல முடிவு, வீடு நிற்கும் நிலத்தை அவருக்கே நியாய விலைக்கு விற்றுவிடுவது. மனம் ஒப்பாது, தெரியும். ஆனால் பல ஆண்டு வழக்குச் செலவையும் நட்டஈட்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இணக்கசபையில் (சமரசம் பேசும் சபை) பேசி ஒத்துக்கொண்டாலும் நொத்தாரிசு உறுதி எழுதாமல் காணி கைமாறாது. விற்க விருப்பமில்லாவிட்டால், 'உங்கள் அனுமதியில் இருக்கிறேன்' என்று ஒரு குத்தகையாவது எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 'உங்கள் துண்டுக்குப் பதில் என்னுடைய துண்டு' என்று யாராவது சொன்னால் கவனம். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் காணி எழுதி வாங்குவதை 2014இன் 38ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பெற்றோரிடமிருந்து மரபுரிமையாக வருவது வேறு, மாற்றிக்கொள்வது வேறு. இரட்டைக் குடியுரிமை இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

திரும்பும்போது அற்றோர்னித் தத்துவம் (உங்களுக்குப் பதிலாக ஒருவர் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுப்பதென்றால் வழக்கு நடத்தவும் வாடகை வாங்கவும் மட்டும் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தைத் தம்பிக்கே ஆனாலும் சேர்க்காதீர்கள்.